வீடு வீடாகப் போன திரை

"தட்டைக் கழுவிக் கழுவிப் பாக்கேன், எழுத்து போகமாட்டேங்கு. சோத்தைப் போட்டாலும் சோத்து மேல ஏறி நிக்கு" என்று ஒரு குரல் யாரிடமோ சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனது. இரண்டாம் மாடியில், உள்ளே விசிறி ஓடியும் திரை மட்டும் கருத்தே கிடந்த லேப்டாப்பின் முன்னால் துப்பட்டா நுனியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த செண்பகவல்லி, அது முதல் மாடி கோமு மதினியின் குரல் என்பதையும், அந்தத் தட்டில் நிற்கும் எழுத்து தன்னுடையது என்பதையும் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டாள்.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்து நிற்கிற அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில்தான் அவள் பிறந்தாள், வளர்ந்தாள், காலேஜுக்குப் போய் வந்தாள். ஆனால் ஒருநாளும் அடுத்த வீட்டு வாசலில் நின்று வாய் திறந்து கூப்பிட்டதில்லை. உறைமோர் வாங்குவதென்றாலும் அம்மா பிரமுதான் போகவேண்டும். அப்படிப்பட்டவள் அன்றைக்கு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கோமு மதினியின் அடுப்படியில் நின்றபோது, எவர்சில்வர் தட்டின் நடுவில், ரசம் பட்டு ஈரமான இடத்தில், நாக்பூர்க்காரர் ஒருவர் 'இருக்கிறீர்களா, என் திரை இன்னும் வரவில்லை' என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"உன்னதா தாயி? அதான பாத்தேன், நம்ம வீட்டுல இங்கிலீசுக்கு ஏது வேலைன்னு" என்ற கோமு மதினி, தட்டை அரிசிப் பானையில் சாய்த்து நிறுத்தி, "அவுக சாப்பிட வாரதுக்குள்ள முடிச்சிருவல்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழம்பைக் கிண்டப் போனாள். செண்பகவல்லி தரையில் சம்மணமிட்டு மடியில் இருந்த லேப்டாப்பில் தட்டத் தட்ட, எழுத்துகள் எதிரே தட்டில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அவள் பார்த்த வேலையே அதுதான். எங்கெங்கோ ஊர்களில் லேப்டாப் திரை எரியாமல் தவிப்பவர்கள் எழுதிக் கேட்பார்கள், இவள் எழுதிப் பதில் சொல்லவேண்டும். வாய் பேசவேண்டாம் என்பதால்தான் சேர்ந்தாள்; அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய், பிள்ளைகள் முன் நாக்கு ஒட்டிக்கொண்டு, மத்தியான மணி அடிக்கும் முன்பே வீடு திரும்பியவள் அவள். அப்பா ஆவுடையப்பன் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்ட பிறகு அந்த வீட்டில் உலை கொதித்தது இவள் விரல்களை நம்பித்தான்.

'உங்கள் பதற்றம் எங்களுக்குப் புரிகிறது' என்று தொடங்கவேண்டும், அது கம்பெனி கற்றுக்கொடுத்த பாடம். பிறகு சார்ஜரைப் பிடுங்கச் சொல்லவேண்டும், பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லவேண்டும், அறையை இருட்டாக்கி டார்ச் அடித்துத் திரைக்குள் மங்கலாக ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டும். தன் திரை முதல்முறை எரியாமல் போன அன்று அவள் அத்தனையையும் தனக்குத்தானே சொல்லிச் செய்துபார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம்தான் தெரிந்தது. வயரைக் கொண்டுபோய் டிவியில் செருகினாள், டிவியும் கருத்தது. பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் திருகுகளைக் கழற்றி, உள்ளே ஓடுகிற நாடா வயரைத் துடைத்து மாட்டி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். வெளிச்சம் மட்டும் எங்கயோ போய்ட்டுப் போய்ட்டு வருது" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டான். கம்பெனியில் வேறு லேப்டாப் கேட்டாள்; வேலை நிரந்தரமானவர்களுக்குத்தான் அந்தச் சலுகை என்று பதில் வந்தது. அதனால் சில நாள் திரை வீட்டிலேயே இருந்தது, சில நாள் எழுந்து போனது, எந்த நாள் எப்படி என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

குடியிருப்பு அதைப்பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. கட்டவிழ்ந்த ஆடு அடுத்த வீட்டில் போய்க் குழை தின்றால் என்ன செய்வார்களோ அதையே செய்தது. "ஏளா செம்பா, உன் திரை இங்கன நிக்கு, வந்து பிடிச்சிக்கோ" என்று எந்த மாடியிலிருந்தாவது சத்தம் வரும், அவள் ஓடுவாள். அது தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் வந்தது. எழுத்தெல்லாம் வளைந்து கர்ப்பிணி போல நடந்தது. அலசிவிட்ட தரையில் வந்தது; யாரும் மிதித்துவிடக்கூடாது என்று அந்த வீட்டுக்காரி கோலமாவை எடுத்து அதைச் சுற்றிக் கட்டம் இழுத்துவிட்டாள். கொடியில் காய்ந்த வேட்டியில் வந்து, காற்றில் மடிந்து மடிந்து, புனேக்காரி ஒருத்தியின் கேள்வியைப் பாதிப்பாதியாகக் காட்டியது. ஓய்வுபெற்ற கண்டக்டர் பால்ராஜ் மாமா சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்த மத்தியானம் அவருடைய அகலமான முதுகிலேயே வந்துவிட்டது, அவர் அசையாமல் கிடந்து, "முடிஞ்சதாம்மா? கழுத்துகிட்ட யாரோ ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். "அது கர்சர் மாமா" என்று அவள் சொன்னதுதான் அவர் கேட்ட அவளுடைய முதல் பேச்சு. "இருக்கட்டும் இருக்கட்டும். இருபத்தஞ்சு வருசம் நின்னே பயணம் பண்ணுன உடம்பு, படுத்துக் கிடக்க வலிக்கவா போகுது."

கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு முறைமை வந்துவிட்டது. திரை வந்த வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற முறை கிடையாது. திரை வந்த வீட்டில் அவளுக்குக் காப்பி கொடுக்கவேண்டும், டம்ளரைத் திரைமேல் வைக்கக்கூடாது. வராத வீட்டுக்காரிகள், "எங்க வீட்டுச் சுவர்ல முள்ளா முளைச்சிருக்கு?" என்று முகத்தைத் திருப்பினார்கள்; ஒருத்தி ஆடி வெள்ளிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் காத்திருந்தாள். கீரைக்காரி கூடையை இறக்கும்போதே, "அந்த நாக்பூர் ஆளுக்குச் சரியாச்சாம்மா?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றால் குடியிருப்பே உச்சுக்கொட்டியது.

செண்பகவல்லிக்குத்தான் நிம்மதி இல்லை. திரை போன இடமெல்லாம் போய் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சோப்பு டப்பா தனித்தனி, எந்த வீட்டில் மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துபோனது. தெரிந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலை குனிந்தே படியேறினாள். அதைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று இருந்தது. திரை ஒவ்வொரு வீடாகப் போய்வந்துகொண்டிருந்தது. வெள்ளையடித்த வீட்டுக்கும் ஒருநாள் போனது. கடைசியில் அது போகாத வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், தரைத்தளத்தில் முற்றத்தைப் பார்த்த சங்கரவடிவு அத்தை வீடு.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அத்தையின் புருஷன் இறந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து தம்பி கொண்டுவரவேண்டிய கோடிச் சேலைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கோடி போட்ட பிறகுதான் உடலை எடுக்கமுடியும். வெயில் சாய்ந்தது, அப்பா வரவில்லை. கடைசியில் கோமு மதினி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சேலையைப் போட்டு, பிறந்த வீடு அற்றவளுக்குச் செய்வதுபோலச் செய்து எடுத்துவிட்டார்கள். அப்பா மஞ்சப்பையோடு வந்து சேர்ந்தபோது அத்தை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அவர் தோளால் முட்டினார், தாழ்ப்பாள் வளைந்தது, கதவு திறக்கவில்லை. அக்காவுக்கு வெள்ளைச் சேலையா என்று எடுக்க மனம் வராமல் கடை கடையாக ஏறி இறங்கித்தான் அவருக்கு நேரம் போனது என்று அம்மாவுக்குத் தெரியும். அத்தையிடம் அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. 'எங்க வீட்டுக் கால் இனிமே அந்த வாசலை மிதிக்காது' என்று அவர் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை அந்தத் தாழ்ப்பாளைச் சரிசெய்யவே இல்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, ராத்திரியில் கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்துப் படுத்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசியதெல்லாம் சாடைதான். அத்தை தன் செவலைப் பூனையிடம் பேசுவாள், அப்பா தன் சைக்கிளிடம் பேசுவார். "ஏ செவலை, சில பேருக்குத் துக்க வீட்டுக்கு வரதுக்கும் நல்ல நேரம் பாக்கணும் போலிருக்கு" என்று அத்தை மீன் முள்ளைப் போட்டபடி சொன்னால், அப்பா செயினுக்கு எண்ணெய் விட்டபடி, "காத்து இல்லாத டயரு மாதிரி சில பேரு, நாம தள்ளுனாலும் உருளமாட்டாக" என்று சைக்கிளைத் தட்டுவார். குடியிருப்பு அதையும் பழகிக்கொண்டது. பூனைக்கும் சைக்கிளுக்கும் நடுவே யாரும் குறுக்கே போகமாட்டார்கள்.

ஆடி பிறந்தது. கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு காற்று ஊளையிட்ட ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. வருகிற வியாழக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலதிகாரி நிவேதிதா மேடம் மறைவில் இருந்து அவளுடைய வேலையைப் பார்ப்பார். கேள்வி வந்து பதில் தாமதித்தால் வேலை இல்லை, லேப்டாப்பைத் திருப்பி அனுப்பவேண்டும், தாமதிக்காவிட்டால் நிரந்தரம். செய்தி வந்த அன்று திரை வீட்டில்தான் இருந்தது. அதனால் அதைப் படித்தது அவள் மட்டும்தான், ஆனால் அவள் முகத்தைப் படித்த அம்மா கீழே போய்ச் சொல்ல, கோமு மதினி சொல்ல, பால்ராஜ் மாமா சொல்ல, மோட்டார் ரூம் வரை தெரிந்துபோனது.

வியாழக்கிழமை காலையில் பொத்தானை அழுத்தினாள். விசிறி ஓடியது. திரை கருத்தே கிடந்தது.

குடியிருப்பு தயாராகத்தான் இருந்தது. தட்டுகளை எல்லாம் துடைத்து வெளியே வைத்திருந்தார்கள், தரைகளை அலசிவிட்டிருந்தார்கள், பால்ராஜ் மாமா சட்டையைக் கழற்றி வராந்தாவில் குப்புறப் படுத்துவிட்டார். "இருக்கா பாருங்க, முதுகுல ஏதாவது தெரியுதா பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கும் இல்லை. மாடி மாடியாகத் தேடினார்கள், தண்ணீர்த் தொட்டியை எட்டிப்பார்த்தார்கள். செண்பகவல்லி லேப்டாப்பைச் சுமந்துகொண்டு படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள். எங்கோ ஒரு கேள்வி ஏற்கெனவே வந்து அவளுக்காகக் காத்திருக்கும். அப்போது கீழேயிருந்து, காற்றையும் மீறி, பூனையிடம் பேசுகிற குரல் கேட்டது.

"ஏ செவலை, ஊரார் வெளிச்சமெல்லாம் நம்ம கதவுல வந்து குந்திக்கிட்டு இருக்கு. தேடுறவுகளுக்குத் தரையில இருக்க வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியாதாக்கும்."

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், கோமு மதினி அவர் முகத்தைப் பார்த்தாள். போகட்டுமா என்பதுபோலச் செண்பகவல்லியும் பார்த்தாள். லேப்டாப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியதில் ஒரு ஆள் இறங்கிப் போகும் அளவுக்கு வழி விழுந்தது. அவள் இறங்கினாள்.

திரை அத்தை வீட்டுக் கதவின் உள்பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும், சாத்தினால்தான் தெரியும். அத்தை அவளை ஏறிட்டுப் பார்க்காமல், "வந்தவ உள்ள வந்து உக்காரட்டும், நாம என்ன விரட்டவா போறோம் செவலை" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, அடியில் குழவியை உருட்டி வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில், பழைய பச்சைப் பெயிண்டின் மேல், கேள்விகள் வரிசையாக நின்றன. செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து, 'உங்கள் பதற்றம் எங்களுக்குப் புரிகிறது' என்று தட்டத் தொடங்கினாள்.

முதல் ஆளுக்கு முடித்தாள். இரண்டாவது ஆள் பாதியில் இருக்கும்போது காற்று முற்றத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து கதவில் மோதியது. குழவி அடியைத்தான் பிடித்தது. தாழ்ப்பாள் போடமுடியாத கதவு மேல்பக்கம் படபடவென்று ஆடியது, எழுத்துகள் எல்லாம் இரண்டு இரண்டாகப் பிரிந்து, படிக்கமுடியாமல் கொட்டின. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். அத்தை எழுந்து வந்து இரண்டு கையாலும் கதவை அழுத்தினாள். கதவு நின்றது, ஆனால் கேள்வி அத்தையின் கைமேலும் கன்னத்தின்மேலும் ஏறிப் பாதி தெரியாமல் போனது. அத்தை நகர்ந்தாள், கதவு ஆடியது. அத்தை வந்தாள், எழுத்து மறைந்தது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, நிவேதிதா மேடம் 'தாமதம் ஏன்?' என்று கேட்டிருந்தது ஆடி ஆடித் தெரிந்தது. செண்பகவல்லியின் விரல்கள் விசைமேல் நின்றன. எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று தெரியாமல் எதையும் எழுதமுடியவில்லை.

"இந்தத் தாழ்ப்பாளை..." என்று அத்தை தொடங்கி, பூனையைத் தேடி, அது கட்டிலுக்கு அடியில் போயிருந்ததால் பாதியில் நிறுத்தினாள்.

அப்போது கதவு நின்றது. காற்று நிற்கவில்லை, ஜன்னல் கம்பியில் அது இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கதவு மட்டும் வெளியேயிருந்து யாரோ வளையத்தைப் பிடித்து இழுத்த மாதிரி நிலையோடு ஒட்டி அசையாமல் நின்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெளிந்தன. செண்பகவல்லி கேள்வியைப் படித்தாள், பதிலைத் தட்டினாள், அடுத்ததைப் படித்தாள். குனிந்து தட்டும்போது ஒருமுறை, தேய்ந்த வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்தில் இரண்டு செருப்பு தெரிந்தது. இடது செருப்பின் வார் அறுந்து, நீல வயரால் கட்டியிருந்தது. அந்த வயரை லேப்டாப்போடு வந்த அட்டைப்பெட்டியிலிருந்து அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

அத்தையும் அந்தச் செருப்பைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போனாள், வந்தாள், ஒரு டம்ளர் காப்பியைச் செண்பகவல்லிக்குப் பக்கத்தில் வைத்தாள், இன்னொரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடியே நின்றாள். கதவைத் திறந்தால் திரை போய்விடும். அந்தக் காப்பி ஆறியது. மறுபடி சுடவைத்தாள், அதுவும் ஆறியது. வெளியே கோமு மதினி "அண்ணாச்சி, செத்த நேரம் நான் பிடிக்கேன், கை கடுக்கும்லா" என்றாள். பால்ராஜ் மாமா "நின்னு பழகுன ஆளு நானு, விடும்யா" என்றார். வளையம் கைமாறவில்லை. மண் வாரி அடிக்கிற காற்றில், மத்தியானச் சோறும் இல்லாமல், செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நடுநடுவே ஒரு குதிகால் மட்டும் எழும்பி இறங்கியது.

நாக்பூர்க்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவருக்குத் திரை வந்துவிட்டதாம், அதைச் சொல்லத்தான் வந்தாராம். அதற்குப் பிறகு ஒரு கிழவி, ஒரு மாணவன், திட்டிவிட்டுப் போன ஒருவர். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீண்டு சுவரில் ஏறியது. கடைசியாக மூலையில் அந்தச் சின்னப் பெட்டி திறந்தது. நடுவில் ஒரு தாமதம் இருந்தாலும் மற்றதெல்லாம் நன்றாக இருந்ததால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும், அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்றும் நிவேதிதா மேடம் எழுதியிருந்தார். செண்பகவல்லி அதை இரண்டுமுறை படித்தாள். மூன்றாவதுமுறை படிப்பதற்குள் கதவு பழைய பச்சையாகி, அவள் மடியில் லேப்டாப் திரை எரிந்தது.

"முடிஞ்சிட்டு அத்த" என்றாள்.

அத்தை குனிந்து குழவியை உருட்டித் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. வெளியே இருந்தவருக்கு வேலை முடிந்தது தெரியாது. உள்ளேயிருந்து ஆடியதும் காற்றுதான் என்று எண்ணி இன்னும் இறுக்கிப் பிடித்தார். அத்தை மறுபடி இழுத்தாள். அவர் மறுபடி இறுக்கினார். செண்பகவல்லி அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

அத்தை திரும்பிப் பூனையைப் பார்த்தாள். அது கட்டிலுக்கு அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், "ஏ ஆவுடை" என்றாள். "உன் மக வேலை முடிஞ்சிட்டு. கைய எடுத்துட்டு உள்ள வா."

வெளியே வளையம் ஒருமுறை கிலுங்கியது. கதவுக்கு அடியில் தெரிந்த செருப்பிலிருந்து ஒரு கால் வெளியே வந்து தரையில் நின்றது. பிறகு, நீல வயர் கட்டிய செருப்பிலிருந்து, இன்னொரு காலும் வந்தது.